அதே பத்துப் பாட்டு

போன வாரம் சிதம்பரம் மேல வீதியில் ஒரு வாசகர் என்னை மடக்கிப் பிடித்தார். கையில் காய்கறிப் பை. முகம் கொள்ளாத சிரிப்பு. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் இருந்த கேசட்டையெல்லாம் ஒழித்துக் கட்டிவிட்டேன் சார், எல்லாப் பாட்டும் இப்போது ஒரே பென் டிரைவில், ஷெல்ஃபே காலி, வீட்டுக்காரம்மா உங்களுக்கு ஸ்பெஷலாக தேங்க்ஸ் சொல்லச் சொன்னார் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார். படித்ததோடு விடாமல் செய்தும் பார்த்திருக்கிறார். நியாயமாக நான் ரெண்டு இஞ்ச் உயர்ந்திருக்க வேண்டும். ஆனால், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். ‘அப்படியா... நல்லது... வரட்டுமா’ என்று முனகிவிட்டு நழுவி வந்துவிட்டேன். பாவம், அந்த மனிதர் என்ன நினைத்தாரோ.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் கேசட்டை ஒரு பிடி பிடித்தேன். இடத்தை அடைக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, நடுப்பாட்டில் டேப் சிக்கி உயிரை எடுக்கிறது, கடலூர் உப்புக் காற்றுக்கு ஸ்க்ரூகூடத் துருப்பிடிக்கிறது — எல்லாம் எழுதினேன். சி.டி.யையும் விடவில்லை. அது கீறல் விழுந்தால் திக்குவாய். ஃபைல்தான் ராஜா, கட்டை விரல் சைஸில் ஆயிரம் பாட்டு, தேய்மானம் கிடையாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டேன் என்று ஒரு முத்திரை வேறு.

செய்து பார்த்தது உண்மைதான். செய்ததன் பலன் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதத் தைரியம் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

‘எங்கள் வீடு’ என்று எழுதினேன் இல்லையா? அதுவே பொய். அது என் அக்கா வீடு.

அக்கா பெயர் பிலோமினா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. அவள் கணவர் ஆரோக்கியசாமி மாமா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். வாயில்லாப் பூச்சி. பேசுவதெல்லாம் அக்காதான். பாடுவதும் அக்காதான். பங்குக் கோயில் பாடற்குழுவை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியவள். ஞாயிற்றுக்கிழமை பூசை, கல்யாணம், சாவு, திருவிழா — எதுவானாலும் பிலோமினா டீச்சர் வந்தாச்சா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. பாட்டுச் சொல்லிக் கொடுத்ததால் வந்த பட்டம்.

நான் சிதம்பரத்தில் குடித்தனம். வருஷத்துக்கு ரெண்டு மூன்று முறை கோயில் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி. அதிலும் பூசைக்குப் பிந்தி வந்து, முந்திக் கிளம்புகிற ரகம்.

அந்தப் பத்திக்கு முந்தின டிசம்பரில் அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி என்று பாண்டிச்சேரியில் ஆபரேஷன் ஆயிற்று. கூட மாமா. பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டுச் சாவி என்னிடம். சனி ஞாயிறு போய் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? சும்மா இருப்பதே சுகம் என்று பெரியவர்கள் சொன்னது என் காதில் ஏறினால்தானே.

ஹாலில் இரும்பு பீரோ. அதில் ரெண்டு தட்டு முழுக்கக் கேசட். நூற்றுச் சொச்சம் இருக்கும். பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, அந்தக் காலத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கடையில் பதிந்து வாங்கியது — எல்லாம் கலந்து கிடந்தன. துணிமணியோ நாற்காலி மேல் கிடந்தது. எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. அக்கா திரும்பி வருகிறபோது பீரோ காலி, துணி உள்ளே, பாட்டெல்லாம் பென் டிரைவில். சர்ப்ரைஸ்!

மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது.

“அவள ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யேன் மச்சான்.”

கேட்டால் எப்படி சர்ப்ரைஸ் ஆகும் மாமா என்று வாயை அடைத்துவிட்டேன். அவர் வாயை அடைப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

ரெண்டு கோணிப்பையில் கட்டி பஸ்ஸில் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தேன். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற கடை ஒன்று அப்போது இருந்தது. கடைக்காரர் பையைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். ஒரு மணி நேர கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓட வேண்டும், குறுக்கு வழி கிடையாது, இத்தனைக்கும் ரெண்டு மாசம் ஆகும் என்றார். என் முகம் சுருங்கியதும் அவரே இன்னொரு வழியும் சொன்னார்.

“எதுக்கு சார் இத ஓட வுட்டுக்கிட்டு? கரகரப்பும் சேந்துதான் ஏறும். லிஸ்ட்ட மட்டும் எழுதிக் குடுங்க. எல்லாம் எங்கிட்ட சி.டி.லேருந்து எடுத்தது சுத்தமா இருக்குது.”

ஆஹா, இதுவல்லவோ யோசனை! எதிலிருந்து எடுத்தால் என்ன, அதே பாட்டு அதைவிட நல்ல குவாலிட்டியில் கிடைக்கிறது என்றால் கசக்குமா? ரெண்டு நாள் உட்கார்ந்து அட்டையைப் பார்த்துப் பார்த்துப் பட்டியல் போட்டேன். ஒரு கேசட்டையும் போட்டுப் பார்க்கவில்லை. அட்டையில்தான் எழுதியிருக்கிறதே.

அதில் ஒரு அறுபது நிமிஷ கேசட். அக்காவின் குண்டு குண்டான கையெழுத்தில் பத்துப் பாட்டின் முதல் வரிகள். ஏ பக்கம் ஐந்து, பி பக்கம் ஐந்து. தவக்காலப் பாட்டுகள், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளில் பாடுவது. பிரபலமான ஒரு தொகுப்பில் இதே பத்துப் பாட்டு இதே வரிசையில் வரும். ஊரில் பாதி வீட்டில் அந்தத் தொகுப்பு இருந்தது. யாரிடமோ வாங்கிக் காப்பி போட்டிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு டிக் அடித்தேன். கடைக்காரரிடம் பத்தும் இருந்தது. பளபளவென்று இருந்தது.

கேசட் நிறைந்த கோணி இரண்டும் என் வீட்டு வாசலில் கிடந்தபோது கலியபெருமாள் வந்தார். புவனகிரிக்காரர். எங்களுக்கு வருஷா வருஷம் அரிசி கொடுப்பவர். சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். குருவித் தொல்லை தாங்கவில்லை, டேப்பை உருவிக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் காற்றில் விர்ரென்று சத்தம் வரும், ஒன்றும் அண்டாது, சும்மா போகிறதென்றால் நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். குப்பைக்குப் போகாமல் விவசாயத்துக்குப் போகிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா வீடு திரும்பினாள். குரல் மட்டும் திரும்பவில்லை.

சளி பிடித்தவள் ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு குரல். பத்து நாளில் சரியாகும் என்றார்கள். அப்புறம் மூன்று மாசம் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு ரொம்ப மெல்லிசு, சிலருக்கு இப்படி ஆவதுண்டு, யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார்கள். பேச்சு ஓரளவு வந்தது. பாட்டு வரவே இல்லை.

அவள் வந்த அன்றைக்கே நான் பீரோவைத் திறந்து காட்டினேன். புதிதாக வாங்கி வைத்த டி.வி.டி பிளேயரையும், அதில் செருகிய பென் டிரைவையும் காட்டினேன். அவள் அந்தத் தட்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எல்லாம் இதில் இருக்கிறதா என்று கேட்டாள். எழுத்துக்கு எழுத்து இருக்கிறது அக்கா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் சிதம்பரம் திரும்பி, நீங்கள் படித்த அந்த வெற்றிப் பத்தியை எழுதினேன்.

தவக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். அக்கா அப்போது பாடற்குழுவோடு நிற்பதை விட்டிருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவதாக மாமா சொன்னார். சாப்பாடு ஆனதும் அவள் என்னைக் கூப்பிட்டு, அந்தத் தவக்காலப் பாட்டைப் போடச் சொன்னாள். எனக்கு ஒரே உற்சாகம். ரிமோட்டை எடுத்தேன்.

வயலின் கூட்டமாக எழும்பியது. பின்னாலேயே புல்லாங்குழல். அப்புறம் ஒரு தேர்ந்த பாடகியின் குரல், ஹால் முழுக்க. துளி இரைச்சல் கிடையாது. நான் மாமாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். எப்படி?

அக்கா காத்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. இது இல்லை என்று கையைக் காட்டினாள்.

“அதே பத்துப் பாட்டுதான்க்கா. அதே வரிசைதான்.”

“பாட்டு அதான்டா,” என்றாள் அந்த உடைந்த குரலில். “பாடினது நாங்க.”

எனக்குப் புரியவில்லை. மாமாதான் மெதுவாக விளக்கினார். பாடற்குழுவில் புதுப் பாட்டு எப்படிப் பழகுவார்கள் தெரியுமா? கடையில் வாங்கிய கேசட்டைப் போட்டுக் கேட்டுக் கேட்டு, அதே பாட்டுகளை அதே வரிசையில் பாடிப் பழகுவார்கள். தப்பு எங்கே என்று தெரிய வேண்டும் என்று ஒரு வருஷம் ஃபாதரிடம் டேப்ரெக்கார்டர் கடன் வாங்கி, கோயிலுக்குள் வைத்து, பத்தையும் பதிந்திருக்கிறார்கள். பார்த்துக் கேட்க வசதியாக அட்டையில் அதே பத்து வரி. யார் பாடியது என்று எழுதவில்லை. பாடியவர்களுக்குத் தெரியாதா என்ன? ஏழாவது பாட்டில் ரெண்டு சரணம் அக்கா மட்டும் தனியாகப் பாடியது. அவள் குரல் பதிவானது அந்த ஒரு கேசட்டில்தான். அந்த ஒரு தடவைதான்.

ஹாலில் அந்தப் பாடகி இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். நிறுத்த எனக்குக் கை வரவில்லை. மாமா எழுந்து போய் நிறுத்தினார். கேசட் எங்கே என்று அக்கா கேட்டாள். நான் சொன்னேன். அவள் திட்டவில்லை. சின்ன வயதில் என் முதுகில் எத்தனையோ வைத்தவள். அன்றைக்கு ஒன்று வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே புவனகிரிக்கு ஓடினேன். அறுப்பு முடிந்து தாள்தான் நின்றது. கலியபெருமாளுக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். “நல்லா சத்தம் குடுத்துச்சு சார். ஒரு குருவி அண்டல,” என்றார். கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டையெல்லாம் எப்போதோ வீசிவிட்டாராம். வரப்போரக் குச்சிகளில் அங்கங்கே கொஞ்சம் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. எது எந்தப் பாட்டு? எது அக்கா, எது சினிமா? எல்லாம் ஒரே பழுப்பு நிறம். இருந்தாலும் வெயிலில் நின்று ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் கூடச் சேர்ந்து அவிழ்த்தார். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் ஒரு துண்டை விரலால் தேய்த்துக் காட்டினார். பூச்சு பொடிப் பொடியாக உதிர்ந்தது. பனியும் வெயிலும் பட்ட டேப்பில் ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. அக்கா எத்தனை கல்யாணத்தில் பாடியிருக்கிறாள்! கல்யாணம் என்றால் வீடியோ உண்டே. மாமாவும் நானும் தெரிந்தவர்கள் வீடு வீடாகப் போனோம். ஏன் கேட்கிறோம் என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் பரணிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு மாசம் போட்டுப் பார்த்தோம். அக்கா இருக்கிறாள். பட்டுப்புடவையில், நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி வாயைத் திறந்து பாடுகிறாள். சத்தம்தான் வேறு. நம் ஊர் வீடியோக்காரர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? கோயிலில் எடுத்த சத்தத்தை அடியோடு அழித்துவிட்டு சினிமா டூயட்டை ஏற்றிவிடுவார்கள். அக்கா வாய் திறக்கிற இடமெல்லாம் யாரோ ஒரு ஹீரோ ஹீரோயினைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசி டிஸ்க்கில் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டுவிட்டோம்.

‘தானே’ புயல் வந்து கடலூரைப் புரட்டிப் போட்டபோது அக்கா வீட்டில் மாடி ஷீட் பறந்து, முன் ஜன்னல் உடைந்து, ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். ரோடு சரியானதும் போய்ச் சேர்ந்தேன். மாமா வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். என் மனசில் இருப்பது அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

“அந்த கேசட்டு இருந்திருந்தாலும் புயல்ல போயிருக்கும். வுடு மச்சான்,” என்றார்.

அந்த நல்ல மனுஷன் எனக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கிறார். வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் துணி எடுக்க பீரோவைத் திறந்தேனே... உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துணியெல்லாம் மொடமொடவென்று இருந்தது. கேசட் இருந்த தட்டு இரண்டும் உலர்ந்துபோய் இருந்தன.

சரி, இப்போது சொல்லுங்கள். கேசட்டா, சி.டி.யா, ஃபைலா — எது உசத்தி? இன்னமும் எனக்குக் கடிதம் வருகிறது. நூற்று இருபத்தெட்டு கே.பி.பி.எஸ்ஸா, முந்நூற்று இருபதா, எந்த அளவில் ஏற்றினால் காதுக்கு இதம் என்று கேட்கிறார்கள். ஃபைல் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்தப் பென் டிரைவ் மாமாவின் சட்டைப் பாக்கெட்டில் இருந்தபடி புயலையே தாண்டிவிட்டது. பத்துப் பாட்டும் பழுதில்லாமல் இருக்கின்றன. டேப் அறுந்து போகவில்லை, டிஸ்க் கீறவில்லை, எந்த மெஷினும் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் அட்டையைப் படித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ரெண்டு மாசம் ஓடட்டும் என்று பொறுங்கள். உங்கள் பெட்டியில் இருப்பது கடையில் விற்ற பாட்டுதான் என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள். பதிகிறபோது பக்கத்து ரூமில் குக்கர் விசில் அடித்திருக்கலாம். யாராவது ஒருத்தர் கூடவே பாடியிருக்கலாம். மேல வீதி நண்பரே, நீங்கள் இதைப் படித்தால் என்னை மன்னியுங்கள். கேசட்டை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால் தயவுசெய்து இன்றைக்கே உள்ளே எடுத்து வையுங்கள்.

இந்தத் தவக்காலத்தில் மறுபடி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் வழக்கம்போலக் கரண்ட் கட். விசிறி நின்றுபோய் மூன்று பேரும் வாசற்பக்கம் உட்கார்ந்திருந்தோம். கோயிலில் புதுப் பெண்கள் நன்றாகப் பாடுகிறார்கள், சுருதிதான் கொஞ்சம் இறங்குகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னைப் பார்த்தாள்.

“எனக்கு மறந்துபோச்சுடா. இந்தக் குரலே காதுல நின்னுபோச்சு. முன்ன எப்படி இருக்கும், சொல்லேன்.”

வாரம் தவறாமல் ஒரு பக்கம் எழுதுகிறவன் நான். எனக்கு வந்தது இரண்டே வார்த்தை.

“நல்லா இருக்கும்க்கா.”

அக்கா சிரித்தாள். கோபம் இல்லாத சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

“நீ எங்கடா கேட்ட?”

கேட்கவில்லைதான். ஒரு தடவை கேட்டிருந்தால் அந்தக் கேசட்டைக் கொடுத்திருக்க மாட்டேன்.